பாதி சரியாக இருந்த ஊகம்

விமான விபத்துச் செய்தி ஒன்றில் பிடாட் குழாய் என்ற பெயரைப் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் குழாயைக் கையில் பிடித்துப் பழகியவன் நான். கோவைக்கு அருகில் ஒரு நூற்பாலையில், கூடத்தின் ஈரப்பதத்தைப் பராமரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. பெரிய மின்விசிறிகள் ஈரக்காற்றைத் தகர டக்டுகள் வழியாக நூற்புக் கூடத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தக் காற்று என்ன வேகத்தில் போகிறது என்று மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுத வேண்டும். வளைந்த கைப்பிடிபோல் இருக்கும் மெல்லிய உலோகக் குழாயை, அதன் நுனித் துளை காற்றை எதிர்நோக்கும்படி டக்டுக்குள் நுழைத்தால், மறுமுனையில் சாய்ந்த கண்ணாடிக் குழலுக்குள் சிவப்புத் திரவம் ஏறும். ஏறிய உயரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் அந்தத் திரவம் வழக்கமான உயரத்தில் பாதிக்கு மேல் ஏற மறுத்தது. விசிறியின் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நான் உறுதியாகச் சொன்னேன். மேற்பார்வையாளரும் நம்பினார். விசிறியை நிறுத்தி, பெல்ட்டுகளை மாற்றி, மறுபடி ஓட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திரவம் அதே பாதியில்தான் நின்றது. கடைசியில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் குழாயை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கம் வாய்வைத்து ஊதினார். நுனியிலிருந்து ஈரப்பஞ்சு ஓர் உருண்டையாக வெளியே வந்து விழுந்தது. காற்றுக்கும் விசிறிக்கும் ஒன்றும் ஆகவில்லை, அளந்த கருவியின் வாய்தான் அடைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இந்த அனுபவம்தான் 2009 ஜூனில் என்னை ஒரு விமான விபத்து நிபுணனாக்கியது. அலுவலகத் தேநீர் இடைவேளைகளில் மட்டும் செல்லுபடியாகும் நிபுணன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2009 மே 31 மாலை, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் 447 புறப்பட்டது. ஏர்பஸ் ஏ330 வகை விமானம். 216 பயணிகள், 12 பணியாளர்கள். பிரேசில் கரையைத் தாண்டி அட்லாண்டிக் கடலுக்கு மேலே, புவிநடுக்கோட்டை ஒட்டி வடக்குக் காற்றும் தெற்குக் காற்றும் சந்தித்து வானளாவிய இடிமேகங்களை எழுப்பும் பகுதியை அது நள்ளிரவில் கடந்துகொண்டிருந்தது. பிரேசில் கட்டுப்பாட்டு அறையோடு கடைசியாகப் பேசியது உலகப் பொது நேரம் 1 மணி 35 நிமிடத்தில். சற்று நேரத்தில் ராடார் எல்லையையும் தாண்டிவிட்டது. எதிர்க்கரையில் செனகலின் டாகார் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பில் வந்திருக்க வேண்டிய விமானம் வரவே இல்லை. அபாய அழைப்பு எதுவும் கேட்கவில்லை. நமக்கு அது ஜூன் 1, திங்கட்கிழமைக் காலை.

கடலுக்கு மேலே, இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு விமானம் காணாமல் போனால் அந்த வெற்றிடத்தை ஊகங்கள் எத்தனை வேகத்தில் நிரப்பும் என்பதை அந்த வாரத்தில் பார்த்தேன். முதலில் வந்தது மின்னல். விமான நிறுவனத்தின் தரப்பிலேயே அதற்கு வாய்ப்புண்டு என்று பேசினார்கள். அடுத்து வெடிகுண்டு. சில நாட்கள் முன்பு புவனோஸ் அயர்ஸிலிருந்து கிளம்பும் அதே நிறுவனத்தின் விமானத்துக்கு மிரட்டல் வந்திருந்ததால் இந்த ஊகத்துக்கு வலுவான பிடிமானம் இருப்பதாகத் தோன்றியது. அப்பகுதியில் பறந்த வேறொரு விமானத்தின் விமானி வெண்ணிற ஒளி ஒன்று கீழே விழுவதைக் கண்டதாகச் சொன்னது மின்னல்காரர்களுக்கும் வெடிகுண்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் சாட்சியாகப் பயன்பட்டது. ஒரே சாட்சி எதிரெதிர் கட்சிகள் இரண்டுக்கும் ஒத்துப்போகிறதென்றால் அதன் எடை என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

விமானத்தின் செங்குத்து வால்பகுதி ஏறத்தாழ முழுசாக மிதந்து கிடைத்தபோது இன்னோர் ஊகம் பிறந்தது. 2001 நவம்பரில் நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விழுந்தபோது, ஏர்பஸ் ஏ300 விமானமான அதன் வால்பகுதி வானிலேயே பிய்ந்து தனியாக விழுந்திருந்தது. அங்கே நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது, ஏர்பஸ் நிறுவனத்தின் வால்களிலேயே கோளாறு என்று தீர்ப்பு எழுதியவர்கள் பலர். உருவத்தில் ஒத்திருக்கும் இரண்டு பொருள்களைப் பார்த்தவுடன் அவற்றின் கதையும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவது மனித மனத்துக்கு மிக எளிது.

அந்த முதல் வாரத்தில் அதிகாரபூர்வமான வாய்களும் சறுக்கின. பிரேசில் விமானப்படை கடலில் கண்ட பொருள்கள் இந்த விமானத்தினுடையவையே என்று அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, கடலிலிருந்து எடுத்த மரப்பலகைத் தட்டு இந்த விமானத்தைச் சேர்ந்ததல்ல, இதில் மரத்தட்டுகளே ஏற்றப்படவில்லை என்று விமானப்படை சொல்ல வேண்டியதாயிற்று. உண்மையான உடல்களும் சிதைவுகளும் ஜூன் 6 முதல்தான் கிடைக்கத் தொடங்கின.

என்னுடைய முறை வந்தது, விமானம் அனுப்பிய தானியங்கிச் செய்திகளின் பட்டியல் வெளியே கசிந்தபோது. நவீன விமானங்கள், தரையிலிருக்கும் பராமரிப்புப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் தெரியட்டும் என்பதற்காக, தங்கள் கோளாறுகளைத் தாமே செயற்கைக்கோள் வழியாகச் சுருக்கக் குறிப்புகளாக அனுப்பிக்கொண்டிருக்கும். 2 மணி 10 நிமிடத்திலிருந்து 2 மணி 14 நிமிடம் கடந்தது வரை அப்படி 24 செய்திகள் வந்திருந்தன. தானியங்கி இயக்கம் விலகியது, எஞ்சின் விசையின் தானியங்கிக் கட்டுப்பாடு விலகியது, வேக அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, பிடாட் குழாய்களில் கோளாறு என்று அவை சொல்லின. கடைசிச் செய்தி, கேபினுக்குள் காற்றழுத்தம் மாறும் வேகத்தைப் பற்றியது. விமானம் வானிலேயே உடைந்ததற்கு அதுவே ஆதாரம் என்றார்கள் பலர். விமானம் மிக வேகமாகக் கீழிறங்கினாலும் அதே செய்தி வரும் என்பதைச் சிலரே சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே ஜாதகத்தைப் படித்து ஒருவர் யோகம் என்றும் மற்றவர் தோஷம் என்றும் சொல்வதைப் போலத்தான் அந்த 24 வரிகளும் படிக்கப்பட்டன.

நான் அதில் பிடாட் குழாயைக் கண்டுகொண்டேன். என் பஞ்சு உருண்டையின் இடத்தில் அங்கே பனிக்கட்டி! விமானத்தின் மூக்குப் பகுதியில் காற்றை எதிர்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று சிறு குழாய்கள்தான் அதன் வேகமானிகளுக்கு ஆதாரம். 1732இல் ஆன்ரி பிடாட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸின் சீன் ஆற்று நீரோட்டத்தை அளக்கக் கண்டுபிடித்த அதே ஏற்பாடு, கொஞ்சம் சூடேற்றியோடு. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் இடிமேகங்களுக்கு அருகே மிக நுண்ணிய பனிப்படிகங்கள் நிறைந்த காற்றுக்குள் நுழைந்தால், சூடேற்றியின் திறனையும் மீறி அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். முன்துளை அடைபட்டு, நீர் வடிவதற்கான சிறுதுளை திறந்திருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் விமானம் திடீரென்று வேகம் இழந்ததாக வேகமானி காட்டும். அந்தக் குறிப்பிட்ட வகைக் குழாய்களில் இந்தக் கோளாறு அதற்கு முந்தைய ஓராண்டில் பலமுறை பதிவாகியிருந்தது. ஏர் பிரான்ஸ் புதிய வகைக் குழாய்களை மாற்ற முடிவெடுத்து, முதல் தொகுதி வந்து சேர்ந்தது மே 26 அன்று. இந்த விமானத்துக்கு முறை வருவதற்குள் விபத்து நடந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. "குழாய் அடைச்சிருக்கும் சார், வேற ஒண்ணும் இல்லை" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "குழாய் அடைச்சா பிளேன் விழுந்துருமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை அறியாமையாக எடுத்துக்கொண்டு அவருக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன்.

இதே நாட்களில், கூச்சலுக்கு வெளியே, வேறு வகையான வாசிப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸின் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பான பிஇஏ, கிடைத்த சிதைவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பணியாளர்கள் உணவுத் தட்டுகளை வைக்கும் அலமாரிகள் கீழிருந்து மேலாக நசுங்கியிருந்தன. கிடைத்த உயிர்காப்பு உடைகள் காற்றடைக்கப்படாமல் மடித்தபடியே இருந்தன. ஆக்சிஜன் முகமூடிப் பெட்டிகள் திறக்கப்படாத நிலையிலேயே நசுங்கியிருந்தன. அப்படியானால் கேபினின் காற்றழுத்தம் மேலே இருந்தபோது இழக்கப்படவில்லை. வால்பகுதி, விமானம் நீரில் மோதிய அதிர்ச்சியில் முன்னோக்கிப் பிய்ந்திருந்தது. ஒரு மாதம் கழித்து ஜூலை 2 அன்று வெளியான இடைக்கால அறிக்கையில், விமானம் வானில் உடையவில்லை, முழு உருவத்தோடு, அடிவயிறு கீழாக, மிகுந்த செங்குத்து வேகத்தோடு கடலில் மோதியிருக்கிறது என்று எழுதினார்கள். ஏன் மோதியது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மின்னல், வெடிகுண்டு, வால் என்ற மூன்று கட்சிகளின் கொடிகளையும் நசுங்கிய அலமாரிகளும் மடித்த உயிர்காப்பு உடைகளும் இறக்கிவைத்துவிட்டன. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. என் கட்சி இன்னும் களத்தில் இருந்தது.

கறுப்புப் பெட்டிகள் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்த விபத்தின் கதையில் நான் மறுபடி மறுபடி படித்த பகுதி அந்தத் தேடல்தான், ஏனென்றால் அதுவும் முழுக்க முழுக்க ஊகம். ஆனால் என்னுடைய ஊகத்தைப் போன்றதல்ல. விமானம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசி இருப்பிடம் 2 மணி 10 நிமிடத்தினுடையது. செய்திகள் நின்றதோ அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள். அந்த வேகத்தில் ஐந்து நிமிடத்தில் அது எத்தனை தூரம் போயிருக்க முடியும்? அதிகபட்சம் 40 கடல் மைல். ஆக, 40 கடல் மைல் ஆரமுள்ள ஒரு வட்டம், ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர்; அதன் அடியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த கடற்படுகை.

கறுப்புப் பெட்டியில் இணைந்திருக்கும் ஒலிப்பான்கள் நீருக்குள் விழுந்ததிலிருந்து குறைந்தது 30 நாட்கள் ஒலி எழுப்ப வேண்டும். பிரான்ஸின் அணுசக்தி நீர்மூழ்கி எமரோட் உட்படப் பலர் அந்த நாட்களில் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒலி கேட்காத பகுதிகளில் பெட்டிகள் இருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த தேடல்களைத் திட்டமிட்டார்கள். 2010இல், மிதந்து கிடைத்த சிதைவுகள் எங்கிருந்து அடித்துவரப்பட்டிருக்கும் என்று கடல் நீரோட்டங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ஒரு பகுதியைக் குறித்துத் தேடினார்கள். அங்கும் இல்லை.

அதன்பிறகு, மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிதவியலாளர்களிடம் பிஇஏ எல்லாத் தரவுகளையும் கொடுத்தது. அவர்கள் வைத்திருந்த ஊகங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, ஒவ்வொரு தோல்வியுற்ற தேடலுக்குப் பிறகும் அந்த எடைகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஒலி கேட்கவில்லை என்ற ஒரே செய்தியை அவர்கள் இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தார்கள்: பெட்டி அங்கே இல்லை என்றும், பெட்டி அங்கேயே இருந்து ஒலிப்பான்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன என்றும். இரண்டாவது ஊகத்துக்கு உரிய எடை கொடுத்துப் பார்த்தபோது நிகழ்தகவு வரைபடத்தின் அடர்ந்த பகுதி மறுபடியும் கடைசி இருப்பிடத்தின் அருகே வந்து நின்றது. 2011 மார்ச் இறுதியில் வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தின் ரீமஸ் தானியங்கி நீர்மூழ்கிகள் மறுபடி இறங்கின. ஏறத்தாழ ஒரு வாரத்தில், 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரிந்தன. கடைசி இருப்பிடத்திலிருந்து வெறும் ஆறரை கடல் மைல், அதாவது பன்னிரண்டு கிலோமீட்டர். காதால் கேட்டு, இங்கே இல்லை என்று கடந்துபோன இடத்திலேயே அது கிடந்திருக்கிறது. தங்களுடைய பழைய அனுமானம் ஒன்றைத் தாங்களே கேள்விக்கு உட்படுத்தியதால் கிடைத்த வெற்றி இது.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டு பதிவுக் கருவிகளும் மேலே வந்தன. இரண்டு ஆண்டுகள் உப்புநீரில், அத்தனை அழுத்தத்தில் கிடந்த நினைவகங்கள் முழுமையாகப் படிக்கக் கிடைத்தன. பிஇஏவின் இறுதி அறிக்கை 2012 ஜூலை 5 அன்று வெளியானது. ஆங்கிலப் பதிப்பை இரண்டு வாரம், இரவு உணவுக்குப் பிறகு, படித்தேன்.

பிடாட் குழாய்கள் அடைத்துக்கொண்டன என்பது சரி. பனிப்படிகங்களால்தான். 2 மணி 10 நிமிடம் 5 விநாடிக்குத் தானியங்கி இயக்கம் விலகியது. ஆனால் வேகமானிகளின் அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதன்பிறகு குழாய்கள் தெளிந்துவிட்டன. விமானம் கடலில் மோதியதோ 2 மணி 14 நிமிடம் 28 விநாடிக்கு. இடையிலிருந்த நான்கு நிமிடம் சொச்சத்தில் பெரும்பகுதிக்கு என் பஞ்சு உருண்டைக்கு வேலையே இல்லை. எஞ்சின்கள் இரண்டும் இயங்கிக்கொண்டிருந்தன. கொடுத்த கட்டளைக்குப் பணிந்தன. விமானத்தின் உடலில் ஒரு கீறல்கூட இல்லை.

என்ன நடந்தது என்றால், கேப்டன் முறைப்படி ஓய்வுக்குப் போன சில நிமிடங்களில், இரண்டு துணை விமானிகள் மட்டும் அறையில் இருந்தபோது, இருட்டில், மேகத்துக்குள், விமானத்தைக் கையால் ஓட்ட வேண்டிய நிலை திடீரென்று வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த விமானி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு உயர்ந்தது. 35,000 அடியில் இருந்த விமானம் 38,000 அடி வரை ஏறி, ஏறியதிலேயே வேகத்தை இழந்தது. ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கையைச் சற்றே சாய்த்தால் காற்று மேலே தூக்கும், அளவுக்கு மீறிச் சாய்த்தால் தூக்குவது நின்று, பின்னுக்குத் தள்ளுவது மட்டும் மிஞ்சும். இறக்கைக்கு அப்படி நேர்வதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும். இவரோ பெரும்பாலான நேரம் பின்னுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கு மேல்நோக்கி இருக்க, விமானம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டால் என்று ஒரு குரல் விமானி அறையில் தொடர்ச்சியாக 54 விநாடிகள் எச்சரித்தது. அதைப் பற்றி இரண்டு விமானிகளும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அறிக்கையில் என்னை எழுந்து நடக்க வைத்த இடம் இதற்கு அடுத்தது. அளக்கப்படும் வேகம் 60 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்ற எல்லைக்குக் கீழே போனால், அந்தத் தரவு நம்பத்தக்கதல்ல என்று கணினி முடிவு செய்து எச்சரிக்கையை நிறுத்திவிடும். வானில் அவ்வளவு குறைந்த வேகத்தில் எந்தப் பெரிய பயணிகள் விமானமும் பறக்காது என்பதால் வடிவமைத்தவர்களுக்கு அது நியாயமாகத் தோன்றியிருக்கும். இந்த விமானம் அந்த எல்லைக்குக் கீழேயும் போனது. எச்சரிக்கை நின்றது. விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது வேகம் எல்லையைத் தாண்ட, எச்சரிக்கை மறுபடி ஒலித்தது. சரியானதைச் செய்தால் கத்தி, தவறானதைச் செய்தால் அமைதியாகும் ஒரு கருவியோடு அந்த இருட்டில் அவர்கள் இருந்தார்கள். தானியங்கி இயக்கம் விலகி ஒன்றரை நிமிடத்தில் கேப்டன் ஓடிவந்திருந்தார். இந்த வகை ஏர்பஸ்ஸில் இரண்டு விமானிகளின் கைப்பிடிகளும் பக்கவாட்டில் தனித்தனியாக இருக்கும். ஒருவர் இழுத்தால் மற்றவருடையது அசையாது. ஆரம்பத்திலிருந்தே பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்ததை இளைய விமானி வாய்விட்டுச் சொன்னபோது கடைசி நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

என் மேசைக்காரர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாய் அடைத்தால் விமானம் விழுந்துவிடுமா? விழாது. அதே வகைக் குழாய்கள் அடைபட்ட முந்தைய விமானங்கள் எல்லாம் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன. அதனால்தான் அந்தக் கோளாறுகள் காகிதத்தில் எண்ணிக்கையாக இருந்தன, செய்தியாக இல்லை. என் ஊகம் பொய்யாகியிருந்தால் மின்னல்காரர்களைப் போல நானும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். அது சரியாக இருந்ததால், அதற்குப் பிறகு கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் மூன்று ஆண்டுகளாக நான் கேட்கவில்லை. நூற்பாலையில் பஞ்சை ஊதி எடுத்ததோடு கதை முடிந்தது, ஏனென்றால் அங்கே அந்தத் திரவத்தை நம்பி யாரும் எதையும் இழுத்துக்கொண்டிருக்கவில்லை.

அறிக்கை வந்தபின் ஊகங்கள் நின்றனவா என்றால், இல்லை, இடம்தான் மாறின. விமானியின் தவறு என்று ஒரு தரப்பு. வடிவமைப்பின் தவறு, பயிற்சியின் தவறு என்று மறுதரப்பு. இறுதி அறிக்கைக்கு முன்பே, 2011இல், விமானிகள் சங்கம் ஒன்று, எச்சரிக்கை ஒலியின் செயல்பாட்டைப் பற்றிய பரிந்துரையை இடைக்கால அறிக்கையின் வரைவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு விசாரணையில் பங்கெடுப்பதை நிறுத்திவைத்திருந்தது. விமானத்தைச் செய்த ஏர்பஸ் மீதும் இயக்கிய ஏர் பிரான்ஸ் மீதும் தொடரப்பட்ட வழக்கில் பாரிஸ் நீதிமன்றம் 2023 ஏப்ரல் 17 அன்று இரண்டு நிறுவனங்களையும் விடுவித்தது. தவறுகள் இருந்தன, ஆனால் அந்தத் தவறுகளுக்கும் விபத்துக்கும் இடையே உறுதியான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது அதன் சாரம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பைப் படித்தபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் நான் போட்ட படத்தில் குழாயிலிருந்து நேராகக் கடலுக்கு ஓர் அம்புக்குறி இழுத்திருந்தது நினைவுக்கு வந்தது. மூன்று நீதிபதிகள் இழுக்கத் தயங்கிய கோடு அது.

அறிக்கையை ஒரு விஷயத்துக்காக மிகவும் மதிக்கிறேன். அந்த விமானி ஏன் இழுத்தார் என்ற இடத்துக்கு வரும்போது அதன் மொழி மாறிவிடுகிறது. அதுவரை விநாடிக் கணக்கோடு, அடிக் கணக்கோடு, இது நடந்தது, அது நடந்தது என்று எழுதிவந்தவர்கள் அங்கே, இருக்கலாம் என்ற சொல்லுக்கு மாறுகிறார்கள். வேகம் மிகுந்துவிட்டதாக நினைத்துக் குழம்பியிருக்கலாம். திரையில் மறைந்து மறைந்து தோன்றிய வழிகாட்டிக் கோடுகள் மூக்கை உயர்த்தச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதிர்வையும் இரைச்சலையும் தவறாகப் பொருள்கொண்டிருக்கலாம். கைப்பிடி எத்தனை பாகை பின்னுக்குப் போனது என்பது பதிவாகியிருக்கிறது. கைக்குச் சொந்தக்காரர் அப்போது என்ன நினைத்தார் என்பதைப் பதிய எந்த விமானத்திலும் கருவி இல்லை. அதை ஊகம் என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

228 பேரில் 154 பேரின் உடல்கள் கிடைத்தன. 50 பேருடையவை விபத்து நடந்த மாதத்திலும், மற்றவை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கடலடியிலிருந்தும். 74 பேர் அங்கேயே இருக்கிறார்கள்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்த மதியம், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாலைக்குள் பறவை, இறக்கைத் தட்டுகள், கலப்பட எரிபொருள், அதிகச் சுமை என்று நான்கு காரணங்கள் வந்துசேர்ந்தன. ஒரு மாதம் கழித்து முதற்கட்ட அறிக்கை, எரிபொருளை நிறுத்தும் இரண்டு சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்த நிலைக்கு மாறியதையும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதையும் வெளியிட்டது. அன்றிரவே ஊகங்கள் எல்லாம் சுவிட்சிலிருந்து மனிதர்களிடம் தாவிவிட்டன. இன்னார்தான் என்று பெயர் சொல்லித் தீர்ப்புக்கூறும் காணொளிகள் வந்தன. சுவிட்சுகள் மாறின என்பது தெரிந்த உண்மை. அதை நான் பஞ்சு உருண்டை என்று எனக்குள் பெயரிட்டுவைத்திருக்கிறேன்.

மேசைக்காரர் இப்போது மகளோடு திருச்சியில் இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். அந்த வாரம் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்து முடித்துவிட்டு, "அது என்ன தம்பி, சுவிட்சுங்கறாங்க? நீதான் இதெல்லாம் படிப்பியே, என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை சார் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்குப் படம் எல்லாம் போட்டுக் குடுத்தியே" என்றார்.